சானிடைசர் முதல் ஆக்சிஜன் வரை: பெருந்தொற்றில் பல்கலைக்கழக லேபுகள் மாறிய விதம்

பல்கலைக்கழகங்களில் இருக்கும் சமூகப் புத்தாக்க லேபுகள் நிதானமாக வேலை செய்யப் பழகியவை. மாணவர்கள் ஒரு ஊருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ப் பேசுவார்கள். என்ன சிக்கல் என்று எழுதிக்கொண்டு வந்து ஒரு மாதிரி செய்வார்கள். அதைத் திரும்ப எடுத்துப்போய்க் காட்டி, குறை கேட்டு, மாற்றுவார்கள். இதற்குள் இரண்டு பருவம் ஓடிவிடும். மார்ச் 2020-இல் இந்தச் சுழற்சியே நின்றுபோனது. விடுதிகள் காலியாகின. லேபுக்குள் நுழைய இரண்டு மூன்று பேருக்குத்தான் அனுமதி. எந்த மருத்துவமனைக்குப் போய்க் கேட்டுப் பழகினார்களோ, அங்கேயே வெளியாட்களை வாசலில் நிறுத்தினார்கள். கடைகள் மூடியதால் சாதாரண எலாஸ்டிக்கூடக் கைக்குக் கிடைக்கவில்லை.

அந்த மாதங்களில் எந்த லேபின் வேலை நோயாளிக்கோ செவிலியருக்கோ உண்மையில் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் அது புதுக் கண்டுபிடிப்பாக இருக்கவில்லை. மருத்துவமனையின் ஸ்டோர் பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்து, “இந்த வாரம் உங்களிடம் எது தீர்ந்துபோகும்?” என்று கேட்ட லேபுகள்தான் முந்திக்கொண்டன. அந்தக் கேள்விக்கு வந்த பதில்களும் எளியவை: சானிடைசர், ஃபேஸ் ஷீல்டு, பரிசோதனைக்கான ரசாயனம், பிறகு ஆக்சிஜன்.

சானிடைசரில் தொடங்கலாம். வேதியியல் துறை உள்ள எந்தக் கல்லூரியும் முதல் வாரத்திலேயே செய்யக்கூடியது இது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறை முன்பே இருந்தது. 10 லிட்டருக்கு 96% எத்தனால் 8,333 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98% கிளிசரால் 145 மி.லி.; மீதிக்குக் காய்ச்சி வடித்த நீர், அல்லது கொதிக்கவைத்து ஆறிய நீர். எத்தனால் இல்லையென்றால் 99.8% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 7,515 மி.லி.; மற்றவை அதே அளவு. ஆல்கஹாலை முதலில் ஊற்ற வேண்டும். அடுத்து பெராக்சைடு, அதன்பின் கிளிசரால். கிளிசரால் அளவுக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழாயைச் சேர்க்கப்போகும் நீரிலேயே அலசி அதையும் கலனில் ஊற்றினால்தான் அளவு சரியாகும். கடைசியாக 10 லிட்டர் கோடு வரை நீர். ஆல்கஹாலும் நீரும் சேரும்போது கலவை சற்றுச் சூடாகும், மொத்தக் கன அளவு கொஞ்சம் சுருங்கும். அதனால் நன்றாகக் கலக்கி, ஆறிய பிறகு கோட்டை மறுபடி பார்க்க வேண்டும். ஆவியாகாமல் உடனே மூட வேண்டும். சின்னப் புட்டிகளில் அடைத்தபின் 72 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். ஆல்கஹாலிலோ புட்டியிலோ இருக்கக்கூடிய பாக்டீரியா ஸ்போர்களை (ஆல்கஹாலுக்கும் சாகாத, உறைக்குள் உறங்கும் வடிவம்) பெராக்சைடு அழிப்பதற்கான நேரம் அது. பெராக்சைடு இதில் சேர்வது அதற்காகத்தான். கையில் கிருமியைக் கொல்வது ஆல்கஹால்.

தப்பு நடந்த இடங்கள் பல. கிடைத்த எத்தனாலின் அடர்த்தியைப் பார்க்காமல் அதே 8,333 மி.லி.யை ஊற்றுவது முதல் தப்பு. 99% என்றால் 8,080 மி.லி. போதும், 95% என்றால் 8,420 மி.லி. தேவை. கலந்து முடித்தபின் ஆல்கஹால்மானியால் 80% வருகிறதா என்று பார்க்காமல் எந்தத் தொகுதியையும் வெளியே அனுப்பக் கூடாது. லேபில் 3% பெராக்சைடு இருக்காது, 30% தான் இருக்கும். அது தோலைச் சுடும். கையுறையும் கண்ணாடியும் போட்டு முதலில் நீர்த்துக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் காக்கட்டும் என்று கிளிசராலைக் கூட்டினால் கை பிசுபிசுக்கும். வெயில் ஊரில் அந்தப் புட்டியை அடுத்த நாளே யாரும் தொடமாட்டார்கள். சிலர் ஜெல்லாக ஆக்க, கெட்டியாக்கும் பொருளான கார்போமர் தேடி நாட்களை வீணாக்கினார்கள். இந்தச் செய்முறை திரவம்தான், ஸ்பிரே மூடி இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். தொழிற்சாலைக்கு வரும் டினேச்சர்டு ஸ்பிரிட்டில் அது கலந்திருக்கலாம். மூடி திறந்து முகர்ந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஜூன் 2020 முதல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மெத்தனால் கலந்த சானிடைசர்களைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்க வேண்டி வந்தது. எங்கிருந்து வந்த ஆல்கஹால், என்ன சான்றிதழ் என்பது ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று தீ. 80% எத்தனாலின் தீப்பற்று நிலை 17.5 டிகிரி செல்சியஸ். சென்னையிலோ மதுரையிலோ வருடம் முழுக்க அறை வெப்பநிலை அதற்கு மேலேதான். மூடி திறந்த கலனிலிருந்து வரும் ஆவி எப்போதும் பற்றத் தயாராக இருக்கிறது என்றுதான் அர்த்தம். சிறப்புக் காற்றோட்ட வசதி இல்லாத இடத்தில் 50 லிட்டருக்கு மேல் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்குக் காரணமும் இதுதான். இந்தியாவில் எத்தனாலுக்குக் கலால் துறை அனுமதியும் வேண்டும். இந்த அனுமதிக்கான கடிதத்தைப் பெருந்தொற்று வந்தபின் எழுத உட்கார்ந்தால் முதல் இரண்டு வாரம் அதிலேயே போய்விடும்.

அடுத்தது ஃபேஸ் ஷீல்டு. 3டி பிரிண்டர் வைத்திருந்த எல்லா லேபும் இதில் இறங்கியது இயல்புதான். ஆனால் நெற்றிப்பட்டையை அச்சடிப்பது மெதுவான வேலை. தொடக்க கால வடிவங்களில் ஒரு பட்டைக்கு மணிக்கணக்கில் ஆனது. ஒரு மருத்துவமனை ஆயிரம் கேட்டால், நான்கு பிரிண்டர் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுக்கடுக்காக அச்சான பரப்பில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும், அவற்றில் திரவம் தங்கும். அச்சடிக்கப் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவே முடியாது.

ஸ்வீடனின் 3டி வெர்க்ஸ்டான் குழு இதற்கு அழகான ஒரு வழி கண்டது. முன்பக்கத் தாளுக்கு வழக்கமான ஏ4 ஒளிபுகு தாள். துளை போட அலுவலகத்தில் கோப்புக்குத் துளையிடும் பஞ்ச். துளைகளுக்கிடையே 80 மி.மீ. என்ற நிலையான இடைவெளி இருப்பதால், பட்டையில் உள்ள முளைகளில் தாள் நேராகப் போய் மாட்டிக்கொள்ளும். லேசர் வெட்டும் கருவியே வேண்டாம். நம் ஊரிலும் ஓ.எச்.பி. தாள்கள் இதற்குப் பயன்பட்டன. 100 மைக்ரான் தாள் தொளதொளவென்று மடங்கும். 175 முதல் 250 மைக்ரான் வரை தடிமன் இருந்தால் நிற்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகம் அச்சடிப்பையே விட்டுவிட்டது. அதன் பொறியியல் வடிவமைப்பு லேபின் இயக்குநர் லெனன் ராட்ஜர்ஸிடம் பல்கலைக்கழக மருத்துவமனை ஆயிரம் ஷீல்டு கேட்டது. அவர் குழு எடுத்தது மூன்றே பொருள்: ஒளிபுகு பிளாஸ்டிக் தாள், நெற்றிக்கு ஃபோம் பட்டை, எலாஸ்டிக். இணைக்க ஸ்டேப்ளர். ‘பேட்ஜர் ஷீல்டு’ என்ற பெயரில் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். ஃபோர்டு நிறுவனம் அதை எடுத்துப் பெருமளவில் தயாரித்தது. எந்தத் தொழிற்சாலையும் நாளைக்கே செய்யக்கூடிய வடிவத்தைத் தேர்ந்ததுதான் இதில் பெரிய வடிவமைப்பு முடிவு என்பேன். லேபே ஒரு தொழிற்சாலையாக மாற முயன்றிருந்தால் ஆயிரத்தோடு மூச்சு வாங்கியிருக்கும்.

இப்படி ஒன்றைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை: ஃபோம் ஓர் அங்குலம் தடிமன் இருந்தால்தான் கண்ணாடிக்கும் என்95 முகக்கவசத்துக்கும் இடம் இருக்கும். ஸ்டேப்ளர் கம்பியின் முனை வெளிப்பக்கம் பார்த்து மடங்கி, அதன்மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். முனை உள்ளே திரும்பினால் நெற்றியையும் கையுறையையும் கிழிக்கும். எலாஸ்டிக் லேட்டக்ஸ் இல்லாததாக இருக்கட்டும், ஒவ்வாமை உள்ள செவிலியர்கள் இருப்பார்கள். ஆல்கஹால் துணியால் பத்து முறை துடைத்துப் பார்த்து, தாள் மங்குகிறதா என்று சோதித்த பிறகே மொத்தமாக வாங்க வேண்டும்.

கேட்காமல் செய்ததன் விளைவுக்கு உதாரணம் கிருமிநாசினிச் சுரங்கம், அதாவது நடந்து போகிறவர்கள்மேல் மருந்து தெளிக்கும் கூண்டு. ஏப்ரல் 2020 தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ஒன்று வந்தது. படம் பரவியதும் நாடெங்கும் கல்லூரிகளும் தன்னார்வக் குழுக்களும் அதே போலச் செய்யத் தொடங்கின. நோக்கத்தில் குறையில்லை, வேதியியலில்தான் குறை. பரப்பைத் துடைக்க உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஹைப்போகுளோரைட் (பிளீச்சில் உள்ள பொருள்) அளவு 0.1%. அது சில நிமிடம் ஈரமாகப் பரப்பில் இருக்கவும் வேண்டும். அந்த அடர்த்தியில் ஆள்மேல் தெளித்தால் கண்ணும் மூச்சுக்குழாயும் எரியும். எரியாத அளவுக்கு நீர்த்துவிட்டு, ஐந்து விநாடியில் நடந்து கடந்தால் ஒன்றும் சாகாது. தொற்றுள்ளவரின் நுரையீரலில் இருக்கும் வைரஸை இரண்டுமே தொடாது. தமிழகப் பொது சுகாதாரத் துறை சில நாட்களிலேயே வேண்டாம் என்றது. ஏப்ரல் 18-இல் மத்திய சுகாதார அமைச்சகமும், மே 15-இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்லின. தொற்றுநோயியல் அறிந்த ஒரே ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் இவ்வளவு இரும்புக் குழாயும் உழைப்பும் மிஞ்சியிருக்கும்.

வெண்டிலேட்டர் கதை கொஞ்சம் சிக்கலானது. 2010-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் ஒரு பாடத்திட்டத்தின் பகுதியாக, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை இயந்திரக் கையால் அழுத்தும் எளிய வெண்டிலேட்டர் ஒன்றைச் செய்திருந்தார்கள். பாகங்களின் விலை ஏறத்தாழ 100 டாலர். பத்து வருடம் கழித்து அதே யோசனையை எடுத்து ‘இ-வென்ட்’ திட்டம் பிறந்தது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான லேபுகள் இதே வழியில் போயின. பையை அழுத்துவது எளிது. ஒரு வாரத்தில் காணொளி எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு வருவதுதான் கடினம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 மூச்சு என்றால் நாளைக்கு 28,800 அழுத்தம். கொரோனா நோயாளி இரண்டு வாரம் கருவியில் இருந்தால் நான்கு லட்சத்தைத் தாண்டும். ஆம்பு பையோ ஆம்புலன்ஸிலிருந்து வார்டு வரை கையால் அழுத்துவதற்காகச் செய்யப்பட்டது. ஒரே இடத்தில் மடங்கி மடங்கி அது விரிசல் விடும், வால்வு ஒட்டிக்கொள்ளும், மோட்டார் பல்சக்கரம் தேயும். விறைத்துப்போன நுரையீரலுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிடும் உடல் எடையில் கிலோவுக்கு 6 மி.லி. என்ற அளவில்தான் காற்று கொடுக்க வேண்டும். 60 கிலோவுக்கு அது 360 மி.லி. அதிகமானால் நுரையீரல் சேதமடையலாம். மூச்சு வெளியேறிய பிறகும் உள்ளே ஒரு அழுத்தம் நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். நோயாளி தானாக மூச்சு இழுத்தால் கருவிக்குத் தெரிய வேண்டும். குழாய் கழன்றால் அலற வேண்டும். வெளிவரும் மூச்சுக்கு வைரஸ் வடிகட்டி வேண்டும், இல்லையென்றால் வார்டு முழுக்கப் பரவும்.

எம்.ஐ.டி. குழு இதை உணர்ந்தே நடந்தது. மருத்துவர்கள் வகுத்த குறைந்தபட்ச நிபந்தனைகளையும் சோதனை முடிவுகளையும் பொதுவில் வைத்தது. வீட்டில் செய்து யாருக்கும் மாட்டாதீர்கள் என்று எச்சரித்தது. அதன் வழியில் நியூயார்க்கில் உருவான ‘ஸ்பைரோ வேவ்’ கருவி ஏப்ரல் 2020-இல் அவசர கால அனுமதி பெற்றது; முழு வெண்டிலேட்டர் கிடைக்கும் வரை சமாளிக்கும் கருவி என்ற தெளிவான எல்லையோடு. நிபந்தனைப் பட்டியலைப் படிக்காமல் மோட்டாரை மட்டும் ஓட்டிய மற்ற பல மாதிரிகள் மேசையைத் தாண்டவில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் வேறு கேள்வி கேட்டது. வெண்டிலேட்டருக்குப் போகாமல் எத்தனை நோயாளிகளைக் காப்பாற்றலாம்? மூக்கும் வாயும் மூடும் முகக்கவசம் வழியாகத் தொடர் அழுத்தத்தில் காற்றும் ஆக்சிஜனும் கொடுக்கும் சி-பேப் கருவி அதற்குப் பதில். காப்புரிமை முடிந்த பழைய கருவி ஒன்றைப் பிரித்து அளந்து, மெர்சிடஸின் ஃபார்முலா ஒன் எஞ்சின் பிரிவோடு சேர்ந்து மறுபடி வரைந்தார்கள். முதல் கூட்டத்திலிருந்து முதல் கருவி வரை 100 மணி நேரத்துக்கும் குறைவு. ஆக்சிஜன் பீய்ச்சும் வேகத்திலேயே அறைக்காற்றை இழுத்துக்கொள்ளும் என்பதால் இதற்கு மின்சாரமே வேண்டாம். அரசு 10,000 கருவிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஏப்ரலில் வரைபடம் உலகுக்கு இலவசமாகத் திறக்கப்பட்டது. முதல் வடிவம் ஆக்சிஜனை நிறையக் குடித்தது. மருத்துவமனைக் குழாய் தாங்காது என்று தெரிந்ததும் இரண்டாம் வடிவத்தில் அதைக் கணிசமாகக் குறைத்தார்கள். களத்திலிருந்து வந்த குறையை இரண்டு வாரத்துக்குள் வரைபடத்தில் ஏற்றும் இந்தப் பழக்கத்தைத்தான் சமூகப் புத்தாக்க லேபுகள் வருடக்கணக்கில் கற்பிக்கின்றன.

இரண்டாம் அலையில் இந்தியாவில் தீர்ந்துபோனது ஆக்சிஜன். ஒரு பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் எடுக்கும் நோயாளிக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. 60 லிட்டர் எடுப்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் காலி. ஏப்ரல் 2021-இல் ஐ.ஐ.டி. பம்பாயில் மிலிந்த் அத்ரே தலைமையிலான குழு செய்ததை ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் வகுப்பில் விவரமாகப் பார்க்க வேண்டும். பல தொழிற்சாலைகளில் காற்றிலிருந்து நைட்ரஜன் பிரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் தொட்டியில் இருக்கும் கார்பன் மூலக்கூற்றுச் சல்லடை ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நைட்ரஜனை விடும். அந்தச் சல்லடையை எடுத்துவிட்டு ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தைப் போட்டால் நடப்பது தலைகீழ்: அது நைட்ரஜனைப் பிடித்து ஆக்சிஜனை விடும். அமுக்கி, தொட்டி, வால்வு எல்லாம் பழையவையே. ஸ்பான்டெக், டாட்டா கன்சல்டிங் இன்ஜினியர்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து, பம்பாய் வளாகத்திலேயே மூன்று நாளில் சோதனை நிலையம் ஓடியது. 3.5 வளிமண்டல அழுத்தத்தில் 93 முதல் 96% தூய ஆக்சிஜன் வந்தது.

அந்தச் சதவீதத்துக்கு மேல் போகாததற்குக் காரணம் காற்றில் உள்ள ஆர்கான் வாயு. ஜியோலைட் அதைப் பிடிப்பதில்லை, ஆக்சிஜனோடே வந்துவிடும். நோயாளிக்கு அதனால் கெடுதி இல்லை. இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஜியோலைட்டுக்கு ஈரம் எமன். முன்னால் உள்ள காற்று உலர்த்தி ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் புதிதாகப் போட்ட சல்லடை வீணாகிவிடும். காற்றில் ஆக்சிஜன் 21% தான், நைட்ரஜன் நிலையம் தந்த அளவு வாயுவை எதிர்பார்க்கக் கூடாது. வால்வு திறந்து மூடும் நேரத்தையும் மாற்ற வேண்டும். வெளிவரும் அழுத்தம் மருத்துவமனைக் குழாய்க்குப் பொருந்தும்; சிலிண்டரில் அடைக்க 150 வளிமண்டல அளவுக்கு ஏற்றும் தனிப் பூஸ்டர் இல்லாமல் முடியாது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள எந்தப் பாகமும் ஆக்சிஜன் பாதையில் இருக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும்.

பொருளே செய்யாமல் செய்முறையைக் கொடுத்ததும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் ஆன் வைலி பங்கேற்ற குழு உருவாக்கிய ‘சலைவா டைரக்ட்’ என்ற கொரோனா உமிழ்நீர்ப் பரிசோதனை அப்படிப்பட்டது. மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் கிட் உலகெங்கும் தட்டுப்பாடாக இருந்தபோது அந்தப் படியையே நீக்கினார்கள். உமிழ்நீரில் புரோட்டினேஸ் கே நொதி சேர்த்துக் குலுக்கி, 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, நேரே பி.சி.ஆர். ஒரே நிறுவனத்தின் ரசாயனத்தை நம்பாமல் பல நிறுவனங்களுடையதையும் சோதித்து அனுமதி வாங்கினார்கள். ஆகஸ்ட் 2020-இல் அவசர அனுமதி கிடைத்தது. ரசாயனச் செலவு ஒரு மாதிரிக்கு 1.29 முதல் 4.37 டாலர் வரைதான்.

கடைசியாக, இன்றைக்கும் பயன்படும் ஒன்று: அறைக்காற்றை வடிகட்டும் கோர்சி–ரோசன்தால் பெட்டி. ரிச்சர்ட் கோர்சி பொறியியல் பேராசிரியர், ஜிம் ரோசன்தால் வடிகட்டி தயாரிப்பவர். 20 அங்குலச் சதுர மெர்வ்-13 (வடிகட்டும் திறனுக்கான தரக்குறியீடு) வடிகட்டி நான்கை நான்கு சுவர்களாக நிறுத்தி, கீழே அட்டை (அல்லது ஐந்தாவது வடிகட்டி), மேலே 20 அங்குலப் பெட்டி விசிறி, மூலைகளில் டக்ட் டேப். வடிகட்டியில் உள்ள அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். விசிறி காற்றை மேலே தள்ள வேண்டும். விசிறியின் நான்கு மூலைகள் வழியாகக் காற்று திரும்ப உள்ளே போகும். அதைத் தடுக்க, நடுவில் ஏறத்தாழ 15 அங்குல வட்டம் வெட்டிய அட்டையை மேலே ஒட்டினால் அதே விசிறி கூடுதலாக இழுக்கும்.

மெர்வ்-13 ஒரு முறை கடக்கும் காற்றில் 0.3 முதல் 1 மைக்ரான் துகள்களில் பாதியைப் பிடித்தாலே தரத்தை எட்டிவிடும். 99.97% பிடிக்கும் ஹெப்பா என்ற உயர்தர வடிகட்டியோடு ஒப்பிட்டு இதைத் தள்ளிவிடுகிறார்கள். அறைக்குத் தேவை, எவ்வளவு காற்று எத்தனை முறை சுற்றி வருகிறது என்பது. ஐந்து வடிகட்டி வைத்த பெட்டி நிமிடத்துக்கு 600 கன அடி சுத்தக் காற்று தருகிறது என்றால், அது மணிக்குச் சுமார் 1,020 கன மீட்டர். 9 மீட்டர் நீளம், 6 அகலம், 3 உயரம் உள்ள வகுப்பறை 162 கன மீட்டர். மணிக்கு ஆறு முறைக்கு மேல் அறைக்காற்று முழுதும் வடிகட்டப்படும். கனெக்டிகட் பல்கலைக்கழகம், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை மாணவர்களை வைத்தே இந்தப் பெட்டிகளைக் கட்டிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது இதை நம்பித்தான்.

நம் ஊரில் செய்வதானால், இந்த விசிறியும் இந்த அளவு வடிகட்டியும் தெருமுனைக் கடையில் கிடைக்காது. ஏ.சி. வேலை செய்யும் நிறுவனங்களிடம் மெர்வ்-13-க்கு இணையான வடிகட்டி கேட்டு, அதன் அளவுக்கு ஏற்பப் பெட்டியைக் கட்டி, எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தலாம். ஜன்னல் எல்லாம் திறந்து காற்று ஓடும் வகுப்பறைக்கு இது தேவையில்லை, மூடிய ஏ.சி. அறை, காசநோய் நோயாளிகள் காத்திருக்கும் கூடம் ஆகியவற்றுக்கு முதலில் கொடுக்க வேண்டும். டேப் பிரிந்து இடைவெளி விட்டால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வாரத்துக்கு ஒரு முறை மூலைகளைத் தடவிப் பார்த்தால் போதும். வடிகட்டியைக் கழுவவோ ஆல்கஹால் தெளிக்கவோ கூடாது. அதன் இழைகளில் உள்ள நிலைமின்சாரம்தான் நுண்துகளை இழுக்கிறது, ஆல்கஹால் அதை அழித்துவிடும். என்95 முகக்கவசத்துக்கும் இதே விதி. பெட்டியின் பக்கத்தில் மார்க்கரால் கட்டிய தேதியையும், அடுத்த வடிகட்டி மாற்ற வேண்டிய மாதத்தையும், அதை மாற்றப்போகும் பள்ளி ஊழியரின் பொறுப்பையும் எழுதிவிட வேண்டும். கட்டிய மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகும் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்.